அண்ணன் பேரு ஒட்டிக்கிட்ட இங்கிலீஷ் வார்த்தைங்க

என் வாயால இங்கிலீஷ் பேசின அருமை அண்ணி அம்புஜவல்லிக்கு,

நேத்து உங்க ஸ்கூலுல உங்களுக்கு இரங்கல் கூட்டம் வச்சாங்க அண்ணி. அம்மா, அண்ணன், நான் மூணு பேரும் முன் வரிசையில உக்காந்திருந்தோம். ஹெட்மாஸ்டர் எழுந்து, "ஆங்கிலம் கற்பிப்பதில் புதிய முறை ஒன்றைக் கண்டவர் அம்மையார். முக்கியமான சொல் வரும் இடத்தில் தான் மௌனமாகி, பிள்ளைகளைப் பேச வைத்தவர்"னு தழதழத்த குரல்ல படிச்சாரு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. முந்தானையை வாயில அடைச்சிக்கிட்டுக் குனிஞ்சேன். தோள் குலுங்கறதப் பாத்த டீச்சருங்க, "நாத்தனாரு எப்டி தேம்பறாங்க பாருங்க"ன்னு தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. நானும் வாங்கிக் குடிச்சிட்டேன். வேற என்ன பண்றது?

புதிய முறையாம்! அது எந்த அடுப்பங்கரையில பொறந்துதுன்னு நமக்குத்தானே தெரியும். இதையெல்லாம் எழுதிக் குடுங்க, ஸ்கூல் மலர்ல போடறோம்னு கேட்டிருக்காங்க. அதனால உங்களுக்குத் தெரிஞ்ச கதையையே உங்ககிட்ட திருப்பிச் சொல்ற மாதிரி இருக்கும். "தெரியும் தெரியும், மேல சொல்லு"ன்னு அவசரப்படுத்தாதீங்க.

நீங்க ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து கல்யாணம் ஆயி விருத்தாசலம் வந்தப்ப, கூட வந்தது ஒரு குத்துவிளக்கும் ஒரு இங்கிலீஷ் அகராதியும். ரெண்டுல அகராதிதான் கனம். அண்ணன் பீங்கான் பேட்டையில சூளை வேலை. நம்ம வூட்டுல கப்பு சாஸருக்கு என்னைக்கும் பஞ்சமில்ல, ஆனா எந்தக் கப்புக்கும் கைப்பிடி இருக்காது. விக்க முடியாததெல்லாம் நம்ம வூட்டுக்குத்தான வரும். புதுப் பொண்ணு நீங்க, மொத நாளே டீயை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, சுட சுட, கீழயும் வைக்கத் தெரியாம முழிச்சீங்க.

அண்ணன் முழுப் பேரு சுப்பிரமணி. ஊருக்கெல்லாம் மணி. நான் கூடப் பொறந்தவ, தாராளமா சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது. புருஷன் பேரைச் சொல்லாத பொம்பளைங்க ஊரு பூரா இருக்காங்க, அது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஆனா நம்ம அம்மா போட்ட சட்டம் வேற. "எம் மவன் பேரு மட்டும் இல்லம்மா, அந்த சத்தமே உன் வாயில வரக் கூடாது"ன்னுட்டாங்க.

அதுக்கு அம்மாகிட்ட ஒரு காரணம் இருந்துது. எங்கப்பா ஒரு தடவ ஜங்ஷன்ல திருச்சி வண்டின்னு நெனச்சி வேற வண்டியில ஏறிட்டாரு. வண்டி நகருது. அம்மா பிளாட்பாரத்துல ஓடிக்கிட்டே, கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லாத பேரைத் தொண்ட கிழிய கத்திக் கூப்ட்டுட்டாங்க. அப்பா குதிச்சி எறங்கிட்டாரு. அடுத்த மாசமே ஒரு காய்ச்சல் வந்துது, போயிட்டாரு. அந்தப் பேரைக் கத்தினதாலதான் போனாருன்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க. புள்ள வேற தெனம் நெருப்புகிட்ட வேலை செய்யறான். நாம என்ன சமாதானம் சொன்னாலும் அவங்க மனசுல ஏறவே இல்ல.

உங்க பாடு திண்டாட்டமா போச்சு. நேரம் என்னன்னு கேட்டா, "எட்டு அடிச்சுது"ம்பீங்க. நம்ம கடியாரம் அரைக்கு அடிக்காது, அதனால எட்டரைன்னா "எட்டு அடிச்சி ரொம்ப நேரம் ஆச்சு." மணிமுத்தாறு உங்களுக்கு "கோயிலாண்ட ஓடறது." மார்க்கெட் கமிட்டியில வேர்க்கடலைய மணிலான்னு எழுதறத நம்ம ஊரு ஏற்கெனவே மல்லாட்டைன்னு சொல்லித் தொலைச்சதால, அந்த ஒண்ணுல மட்டும் தப்பிச்சீங்க. ஒரு நாள் உங்கப்பா மணியார்டர் அனுப்பியிருக்காரான்னு தபால்காரர்கிட்ட கேக்கணும். நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு, "எங்க வூட்டுக்காரரு ஆர்டரு எதாச்சும் வந்துதாங்க?"ன்னு கேட்டீங்க. அந்த மனுஷன், "அவரு எனக்கு ஒரு ஆர்டரும் போடலியேம்மா"ன்னு பயந்துட்டாரு.

தமிழோட போச்சான்னு பாத்தா, இங்கிலீஷுலயும் அண்ணன் கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தாரு. மத்தியானம் சோறாக்கி முடிச்சிட்டு அகராதியை விரிப்பீங்க. விரலை வப்பீங்க, நான் படிப்பேன். மணின்னா பணம். செரிமணின்னா சடங்கு. மேட்ரிமணின்னா கல்யாணம். ஹார்மணின்னா ஒத்துப் போறது. அக்ரிமணின்னா கசப்பு. டெஸ்டிமணின்னா சாட்சி. அலிமணின்னா ரெண்டு பேரும் பிரிஞ்சதுக்கப்பறம் குடுக்கற ஜீவனாம்சம்.

"பாத்தியா சரோ, எல்லாம் ஒரே ஜாடை. ஆனா குணம் ஆளுக்கொண்ணு. ஒண்ணத் தெரிஞ்சா இன்னொண்ணு தெரியும்னு நெனச்சா மோசம் போயிடுவோம்"னு சொல்வீங்க. பணத்துக்கும் சடங்குக்கும் சம்பந்தமே இல்லன்னீங்க. "சம்பந்தம் இல்லாமலா? பணம் இல்லாம எந்த சடங்கு அண்ணி நடந்துது?"ன்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சீங்க.

நான் விடல. "மேட்ரிமணில உள்ள போயி, அக்ரிமணில வளந்து, அலிமணில வெளிய வரணும் போலருக்கு. நடுவுல ஹார்மணி வந்தா வந்துது, வராட்டி போவுது"ன்னேன். நீங்க டெஸ்டிமணி மேல விரலை வச்சீங்க. அப்பறம் அதே விரலால என்னைக் காட்டினீங்க. நம்ம குடும்பத்துக்கு நான்தான் சாட்சியாம். அந்தக் குசும்பு யாருக்கு வரும் அண்ணி?

அப்பறம்தான் ஸ்டேஷன் பக்கம் புதுசா அந்த ஸ்கூலு வந்துது. இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னாங்க. நீங்க போயி அம்மாகிட்ட கேட்டீங்க. என்கிட்ட மட்டும் தனியா, "இந்த வேலை கெடைக்கலன்னா, கைப்பிடி இல்லாத கப்பைக் கழுவிக் கழுவியே நான் கெழவியாயிடுவேன் சரோ"ன்னீங்க. அம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "போவட்டும். ஆனா சத்தம் வரக் கூடாது. வந்துதுன்னா அன்னைக்கோட வேலைக்கு முழுக்கு"ன்னாங்க.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. "அம்மாவுக்கு இங்கிலீஷா தெரியும்? ஸ்கூலுக்குள்ள நீங்க என்ன சொன்னா யாருக்குத் தெரியப் போவுது?"ன்னு கேட்டேன். நீங்க என்னா பதில் சொன்னீங்க ஞாபகம் இருக்குதா? "நான் நம்பறனா இல்லியான்றது வேற. அத்தைக்கு வாக்கு குடுத்துட்டேன். அவங்க நிம்மதியா தூங்க வேணாமா?"

பேரு சொல்ல வேண்டி வந்தா நாத்தனாரைச் சொல்லச் சொல்றது ஊர் வழக்கம்தானே. ரேஷன் கடையில உங்களுக்காக எத்தினி தடவ சொல்லியிருக்கேன்! அதையே ஸ்கூலுக்கும் கொண்டு போனோம். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்ன அன்னைக்கு நான் கடைசி பெஞ்சுல. அம்மா ஜன்னலுக்கு வெளிய, வேப்ப மரத்தடியில, காதைத் தீட்டிக்கிட்டு. நீங்க போர்டுல ஆப்பிள் படம் போட்டுட்டு, "ஹவ்..."னு நிறுத்தினீங்க. நான் பின்னாலேர்ந்து "மெனி!"ன்னு ஒரு குரல் விட்டேன். ஹெட்மாஸ்டர் திடுக்குன்னு திரும்பினாரு. புள்ளைங்க இது ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சிடுச்சிங்க. அடுத்த "ஹவ்..."வுக்கு வகுப்பே "மெனி!"ன்னு கூரை பறக்கக் கத்துச்சு. ஹெட்மாஸ்டர் மூஞ்சில அப்படி ஒரு பூரிப்பு. அங்கயே வேலை குடுத்துட்டாரு.

அதோட நிறுத்தினாரா? எல்லா வாத்தியாரும் இனிமே நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் குடுக்கணும்னு உத்தரவு போட்டுட்டாரு. சயின்ஸ் வாத்தியார், "தண்ணீர் கொதிப்பது..."னு நிறுத்தினா, "குண்டான்ல சார்!"னு பதில் வருது. கணக்கு வாத்தியார் ஒரு கூட்டல நிறுத்த, புள்ளைங்க ஆளுக்கொரு எண்ணைச் சொல்லி சண்டை வந்து, அத பிரிச்சி வுடறதுக்குள்ள பீரியடே முடிஞ்சி போச்சாம். பாவம், அவங்கல்லாம் உங்கள மொறைச்சிக்கிட்டே திரிஞ்சாங்க. நீங்க எந்த எடத்துல நிறுத்தறீங்க, ஏன் அங்க நிறுத்தறீங்கன்னு கண்டுபுடிக்க ஒருத்தர் உங்க வகுப்புலயே வந்து உக்காந்து பாத்தாரு. அவருக்கென்ன தெரியும், எங்க அண்ணன் எந்தெந்த வார்த்தையில ஒளிஞ்சிருக்காருன்னு?

வூட்டுல அம்மா விசாரணை வேற. சூளை பிரிக்கற அன்னைக்கு கப்பு விரிசல் விட்டிருந்தா, நேரா உங்ககிட்டதான் வருவாங்க. "இன்னைக்கி என்னா பாடம்?" ஒரு மழைக் காலத்துல சூளையில முக்காவாசி வெடிச்சிப் போச்சு. அன்னைக்குன்னு பாத்து நீங்க நடத்தினது ஐரோப்பா வரைபடம், அதுல ஜெர்மனி. "புள்ளைங்கதான் அத்தை சொல்லிச்சிங்க, நான் கோலால தொட்டுக் காட்டினதோட சரி"ன்னு கெஞ்சறீங்க. அண்ணன் தலையெல்லாம் வெள்ளை மண்ணோட உள்ள வந்து, "மழையில மண்ணு காயலம்மா, அதான் வெடிச்சிது. ஜெர்மனி என்ன பண்ணும்?"னு கேட்டாரு. "நீ சும்மா கெட. உனுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னுட்டாங்க அம்மா. சூளை வேலைக்காரனுக்கே சூளையப் பத்தித் தெரியாதாம்!

இப்ப திட்டக்குடி கதைக்கு வரேன். உங்க முறையோட பேரு பரவி, அங்க வாத்தியாருங்க கூட்டத்துல நீங்க வகுப்பு எடுத்துக் காட்டணும்னு கூப்ட்டாங்க. ஒரு அதிகாரி வேற வராருன்னாங்க. அவரு திருப்தியானாதான் உங்க வேலை நிரந்தரம். எனக்கு அந்த நேரம் பாத்து பொன்னுக்கு வீங்கி. ரெண்டு கன்னமும் பூசணிக்கா மாதிரி, கழுத்துல அம்மாவோட தங்கச் சங்கிலி, வாயைத் தொறந்தா உயிரு போற வலி. "பரவால்ல சரோ, புள்ளைங்க இருக்குதுங்கல்ல"ன்னு சொல்லி என்னையும் பஸ்ஸு ஏத்துனீங்க. அம்மாவும் ஏறிக்கிட்டாங்க.

புள்ளைங்க வர வேண்டிய பஸ்ஸு வழியில நின்னு போச்சு. அதிகாரிக்குப் பொறுமை இல்ல. "பிள்ளைகள் வேண்டாம், நீங்களே ஒரு பத்தி வாசியுங்கள், உச்சரிப்பு பார்க்கலாம்"னு ஒரு தாளைக் குடுத்துட்டாரு. நீங்க அழகா ஆரம்பிச்சீங்க. ஒரு கிராமத்துக் கல்யாணத்தப் பத்தின பத்தி. அதுல அண்ணன் எங்கெல்லாம் உக்காந்திருப்பாருன்னு சொல்லணுமா? "தி செரி..."ன்னு நின்னுட்டீங்க.

நான் எழுந்தேன். வாயைத் தொறக்கப் பாத்தேன். "ம்ம்ம்"னு ஒரு சத்தம்தான் வந்துது. பக்கத்துல இருந்தவங்க எனக்கு மயக்கம் வருதுன்னு நெனச்சி விசிற ஆரம்பிச்சிட்டாங்க.

"மேலே வாசியுங்கள்"னாரு அதிகாரி. நீங்க வாசிக்கல. "தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்." பின்னாலேர்ந்து யாரோ சிரிச்சாங்க. "இதை வாசிக்கத் தெரியாதவர்களையா வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?"னு அவரு கேட்டது மைக்குல எல்லாருக்கும் கேட்டுச்சு. உங்க கண்ணு ரொம்பிடுச்சு. ரெண்டே எழுத்து, சொல்லியிருந்தா அத்தோட முடிஞ்சிது. சொல்லித் தொலைங்களேன்னு மனசுக்குள்ளயே கத்தினேன். நீங்க அம்மாவைப் பாத்துக்கிட்டே வாயை மூடிக்கிட்டு நின்னீங்க.

அம்மா பக்கத்து டீச்சரம்மாவைக் கேட்டாங்க, "என்னாங்க சொல்றான் அவன்?" "உங்க மருமகளுக்குப் படிக்கத் தெரியலையாம்." அவ்ளோதான். அம்மா எழுந்தாங்க பாருங்க! வெத்தலையைத் துப்பக்கூட நிக்கல. நேரா மேடை மேல ஏறிட்டாங்க.

"யாருக்குத் தெரியாது? எம் மருமவளுக்கா? அந்தத் தடிமனான பொஸ்தகத்த முழுசா படிச்சவ சாமி அவ. அந்த எடத்துல எம் மவன் பேரு வருது. அவ சொல்ல மாட்டா. நான் பெத்தவ, நான் சொல்லுவேன். நீ படிம்மா அம்புஜம், நின்ன எடத்துல கைய காட்டு!"

நீங்க கண்ணைத் தொடச்சிக்கிட்டு, "செரி..."ன்னு கையைக் காட்டினீங்க. "மணி!"ன்னாங்க அம்மா. மைக்கே கீச்சுன்னு கத்துச்சு. "ஹார்..." "மணி!" "மேட்ரி..." "மணி!" அம்மாவுக்கு உற்சாகம் தலைக்கேறிடுச்சு. நீங்க மூச்சு வாங்க நின்னா மணி, முற்றுப்புள்ளி வந்தா மணி. அதிகாரி கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு.

சபையில இருந்த பொம்பள டீச்சருங்க தட்டின கைதட்டு இருக்குதே! ஒரு அம்மா எழுந்து, "சார், நான் ஹிஸ்டரி எடுக்கறேன். சாலையெல்லாம் மரம் நட்ட ராஜா பேரு வந்தா, நானும் இப்படித்தான் நிறுத்திக்குவேன்"னாங்க. அவங்க வூட்டுக்காரர் பேரு என்னன்னு சபைக்கே புரிஞ்சி போச்சு. எனக்கும்தான் பின்னால கல்யாணம் ஆச்சு. அவரு பேரை நான் இந்தக் கடிதத்துலகூட எழுத மாட்டேன். ஆனா அது இங்கிலீஷுல எந்த வார்த்தையிலயும் ஒட்டாது, அந்த விஷயத்துல நான் குடுத்து வச்சவ.

உங்க வேலை நிரந்தரம் ஆச்சு. திரும்பி வர பஸ்ஸுல அம்மா உங்க பக்கத்துல வந்து உக்காந்தாங்க. அப்பறம், "இனிமே நீ சொல்லிக்க அம்புஜம். அவ்ளோ பேரு முன்னால நீ தலை குனிஞ்சி நின்னது எனுக்குப் பொறுக்கல"ன்னாங்க. நீங்க அவங்க கையைப் புடிச்சிக்கிட்டு, "வேணாம் அத்தை, எனக்கு இப்படியே இருக்கட்டும்"னீங்க. அதுக்கப்பறமும் நீங்க சொல்லவே இல்ல. ஏன் அண்ணி? நம்பாத ஒண்ணை, அம்மாவே வேணாம்னு சொன்னதுக்கப்பறமும், ஏன் புடிச்சிக்கிட்டு இருந்தீங்க? கேட்டிருக்கணும். கேக்காம வுட்டுட்டேன்.

போன மாசம் மஞ்சக்காமாலைன்னாங்க. கீழாநெல்லி குடுத்தோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நீங்க நிக்கல. உங்களத் தூக்கிட்டுப் போனப்ப அம்மா அழுத அழுகை எனக்குக் காதுலயே இருக்குது. "எம் மவனுக்காக வாயைக் கட்டிக்கிட்டு இருந்தாளே! அவ பேரை மட்டும் நாம பொழுதன்னைக்கும் அம்புஜம் தண்ணி, அம்புஜம் அரிசின்னு ஏலம் வுட்டமே! அவளுக்காக வாயைக் கட்ட ஒருத்தரு இல்லாம போனமே!"

நேத்து கூட்டத்துல அண்ணனையும் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. அண்ணன் எழுந்து மைக்கைப் புடிச்சாரு. "என் சம்சாரம்..."னாரு. மேல வரல. திரும்பி என்னைப் பாத்தாரு. தொண்டை அடைச்சிக்கிட்டுதுன்னு நெனச்சி, நான் எழுந்து உங்க பேரைச் சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டிட்டு வந்து உக்காந்துட்டாரு.

வூட்டுக்கு வந்ததும் அம்மா, "பொண்டாட்டி பேரைச் சொல்றதுக்குக்கூட தங்கச்சி வேணுமாடா உனுக்கு?"ன்னு கேட்டாங்க. அண்ணன் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"நான் அவ பேரைச் சொன்னதே இல்லியேம்மா. திட்டக்குடியில நடந்தத வந்து சொன்னீங்கல்ல, அன்னையிலேர்ந்து. எனக்காக அவ்ளோ பேரு முன்னால தெரியாதவ மாதிரி நின்னாளே, நாமளும் அவளுக்காக ஒண்ணாவது செய்யணும்னு தோணுச்சு. டீச்சரே, டீச்சரேன்னுதான் கூப்டுவேன், கிண்டல் பண்றேன்னு நெனச்சிக்குவா. நான் சொன்னது இல்லம்மா. அப்டியும் பலிக்கல."

அம்மா அப்படியே உக்காந்துட்டாங்க. நான்தான், "இப்பவாவது சொல்லுண்ணே, இனிமே என்ன இருக்குது?"ன்னேன். "என்னால ஆவாது சரோ. நீ இன்னொரு தரம் சொல்லு. கேக்கணும் போல இருக்குது"ன்னாரு. அம்புஜவல்லின்னு சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாரு. சொன்னேன்.

உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதா அண்ணி, அவரு ஏன் டீச்சரேன்னு கூப்ட்டாருன்னு? தெரிஞ்சிதான் பஸ்ஸுல அம்மா அப்படிச் சொன்னதுக்கப்பறமும் நீங்களும் வாயைத் தொறக்காமலே இருந்தீங்களா? ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காமலே, ஒரே வூட்டுக்குள்ள இப்படி ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க. சாட்சின்னு பேரு வாங்கின எனக்கே தெரியல.

ஒரு வாக்கு குடுக்கறேன் அண்ணி. தெனம் காலையில நான் நம்ம வூட்டுக்குப் போயி அண்ணனுக்கு டீ போட்டுக் குடுப்பேன். குடுக்கறப்ப உங்க பேரைச் சத்தமா, முழுசா, அவரு காதுல விழற மாதிரி ஒரு தரம் சொல்லுவேன். அவரு இருக்கற வரைக்கும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்க பேரையும் அண்ணன் பேரையும் சொல்லக் குடுத்து வச்ச,
உங்க நாத்தனார் சரோஜா